தறிக்குக் கடன், வீட்டுக்கு ஏலமா?

(கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசிய பேச்சு. போராட்ட விளக்கப் பிரசுரமாக வெளியிடப்படுகிறது. படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.)



இதே மரத்தடியில் நாம் எத்தனையோ தடவை கூடியிருக்கிறோம். கரண்டுக்குக் கூடினோம். பால் விலைக்குக் கூடினோம். அத்திக்கடவு–அவிநாசித் தண்ணீர் கேட்டு நம் அப்பன் காலத்தில் இருந்து கூடிக் கூடி, 2024 ஆகஸ்டில்தான் அந்தத் திட்டத்தைத் திறந்தார்கள். அதிலெல்லாம் பேச யாருக்கும் கூச்சம் கிடையாதுங்க. பாலுக்கு விலை பத்தவில்லை என்று சொல்ல யாரும் தலை குனிவதில்லை.

ஆனால் இன்றைக்குப் பேச வந்திருக்கிற விஷயத்தை நாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறோம். தறிக்கு, கோழிப்பண்ணைக்கு, நார் மில்லுக்கு, லாரிக்கு என்று பேங்கில் வாங்கின தொழில் கடன். அதற்கு ஈடாக எழுதிக் கொடுத்த வீடும் காடும். தவணை நின்று போய், வீட்டுக் கதவில் ஒட்டின நோட்டீஸ். இதுதான் விஷயம்.

யாரோ ஒருத்தர் வீட்டுக் கதையைச் சொன்னால் அவர்களுக்கு மனம் நோகும். அதனால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறோம். ஊரெல்லாம் ஜப்தி எதிர்ப்புப் பேசின சங்கச் செயலாளர் வீட்டிலேயே ஏலம் நடந்தது. அதை நாங்கள் ஆறு மாதம் மறைத்தோம். அந்த மறைப்பினால்தான் வீடு போனது. இதை ஒத்துக்கொள்ளாமல் மேற்கொண்டு பேச எங்களுக்கு யோக்கியதை இல்லை.

காடு எப்படித் தறியாச்சு?

பல்லடம், சோமனூர், அவிநாசி பக்கம் விவசாயக் குடும்பங்கள் தறி போட்டது ஆசைக்காக இல்லைங்க. கிணறு வற்றினது. போர் போட்டால் ஆயிரம் அடி போய்ப் புழுதி வந்தது. பருத்தியும் சோளமும் விதைத்த காட்டில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் விளைச்சலைப் பார்த்தோம். அதனால் தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு நாலு தறி, எட்டுத் தறி என்று ஓட்டினோம். நூலும் பாவும் வியாபாரி கொடுப்பார். நமக்குக் கூலி மட்டும். மாட்டுப் பாலும் தறிக்கூலியும் சேர்ந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

எங்கள் தம்பியிடம் 16 சாதாத் தறி இருந்தது. "அண்ணா, சாதாத் தறிக்கு இனிமேல் காலம் இல்லை, எல்லாரும் ரேப்பியருக்குப் போறாங்க" என்றார். அவர் சொன்னது தப்பு இல்லை. 2015-ல் ஒரு பேங்கில் 32 லட்சம் தவணைக் கடன், 8 லட்சம் சி.சி. கணக்கு, ஆக 40 லட்சம் எடுத்து, பழைய ரேப்பியர் தறி ஆறு வாங்கிப் போட்டார்.

ஈடு என்ன கொடுத்தோம்? ஊருக்குள் அம்மா பேரில் இருக்கிற வீடு. தறிக்கொட்டகை இருக்கிற இடம். அப்பா விட்டுப்போன 2 ஏக்கர் 60 சென்ட் தோட்டம். தோட்டம் கூட்டுப் பட்டா. அதனால் அம்மா, நாங்கள், தம்பி, கட்டிக் கொடுத்த தங்கச்சி, எல்லோரும் போய்க் கையெழுத்துப் போட்டோம். மூலப் பத்திரத்தை பேங்கில் வைத்துக்கொண்டார்கள். சார்பதிவாளர் ஆபீசில் பதிவும் ஆனது.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. ஒரு கட்டுக் காகிதம். பூராவும் இங்கிலீஷ். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்து. அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கண்ணு, இது தறிக்குத்தானே?" "ஆமாம்மா, தறிக்குத்தான்" என்று சொன்னோம். படித்தவர்கள் நாங்கள். எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிப் படித்தவர்கள். காகிதத்தைப் படிக்காமல் அம்மாவுக்குப் பதில் சொன்னோம்.

அந்தக் கட்டில் இருந்தது இரண்டு சங்கதி. ஒன்று, சொத்து அடமானம். இன்னொன்று, ஜாமீன். ஜாமீன் போட்டவர் கடன் வாங்கினவருக்குச் சமமாகப் பொறுப்பு என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு சொல்கிறது. "முதலில் தம்பியிடம் கேள், தறியை வித்துக்கோ, அப்புறம் எங்களிடம் வா" என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. பேங்க் யாரிடம் வேண்டுமானாலும் முதலில் வரலாம். தறியை விற்றால் இரும்பு விலைதான். வீட்டை விற்றால் முழு விலை. அப்போ எங்கே வருவார்கள்? நீங்களே சொல்லுங்க.

தவணை நின்ற கதை

ஐந்து வருஷம் ஒரு தவணை தவறவில்லை. 2020-ல் கொரோனா வந்தது. ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணைக்கு அவகாசம் கொடுத்தது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடியது. அவசரக் கடன் என்று மேலே ஒரு தொகை கொடுத்தார்கள், அதையும் வாங்கினோம். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு நம்ம பகுதியில் வாரக்கணக்கில் தறிகள் நின்றது எல்லோருக்கும் தெரியும். அதே வருஷம் செப்டம்பரில் மின்கட்டணம் ஏறினது. கூலி பழைய கூலி, கரண்டு புது ரேட்டு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று தவணை தொடர்ந்து நின்றது.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிங்க. பயிர்க் கடனும் தொழில் கடனும் ஒன்று கிடையாது. குறுகிய காலப் பயிருக்கு வாங்கின கடன் இரண்டு போகம் தவறினால்தான் வராக்கடன். தொழில் கடன் 90 நாள் தவறினாலே வராக்கடன். பயிர்க் கடனுக்கு 2006-லும், 2016-லும், 2021-லும் கூட்டுறவில் தள்ளுபடி வந்தது. 2008-ல் மத்திய அரசு தள்ளுபடி வந்தது. அதைப் பார்த்துப் பழகின நாம், "எலெக்ஷன் வருது, எதாவது தள்ளுபடி வரும், பொறு" என்று தம்பிக்குச் சொன்னோம். தறிக் கடன் அந்தத் தள்ளுபடிகள் எதிலும் வரவில்லை. பொறுத்ததுக்கு வட்டிதான் ஏறினது.

2023 பிப்ரவரியில் பேங்கில் இருந்து பதிவுத் தபால் வந்தது. 26 லட்சத்துச் சொச்சம் பாக்கி, 60 நாளுக்குள் கட்டு என்று. தம்பி அதை வாங்காமல் திருப்பி விட்டார். "வாங்கினால்தானே கேஸ்" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்காவிட்டால் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள், அதுவே கொடுத்ததாகக் கணக்கு. தங்கச்சி வீட்டுக்கும் ஒன்று போனது. அது வாழப்போன ஊரில், மாமனார் கையில், "உங்க மருமகள் 26 லட்சம் கட்டணும்" என்று ஒரு காகிதம். தறியில் ஒரு பைசா வருமானம் பார்த்தவள் இல்லை அவள். அண்ணன்மார் கூப்பிட்டார்கள் என்று வந்து கையெழுத்துப் போட்டவள்.

தம்பி எங்களிடம் சொல்லவில்லை. தங்கச்சி போன் பண்ணி அழுத பிறகும் நாங்கள் சங்கத்தில் சொல்லவில்லை. செயலாளர் வீட்டிலேயே இப்படி என்றால் ஊர் என்ன பேசும் என்ற மானம். மே மாதம் அம்மா வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு பேப்பரில் விளம்பரம் வந்தது. அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? அதற்குப் பிறகும் புரோக்கர், கட்சிக்காரர் லெட்டர், தெரிந்த அதிகாரி என்று ஓடி 45 நாளைத் தொலைத்தோம். நவம்பரில் ஏல நோட்டீஸ். டிசம்பரில் ஏலம். ஊர் விலைக்கு 35 லட்சம் போகிற வீடும் கொட்டகை இடமும் 21 லட்சத்துக்குப் போனது. தறிகள் இரும்பு எடைக்குப் போயின. பாக்கியை 2024-ல் ஒரே தடவைத் தீர்வு பேசி, மாட்டை விற்று, வீட்டுப் பெண்களின் நகையை விற்று முடித்தோம்.

முதல் 60 நாளில் நாங்களே பேங்கில் போய் உட்கார்ந்து, "வீட்டை நாங்களே விற்றுத் தருகிறோம், அனுமதி கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்டிருந்தால், 35 லட்சத்துக்கு விற்று, கடன் முழுக்க அடைத்து, மீதிப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டியிருக்கலாம். மானம் பார்த்ததுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

தோட்டம் எப்படித் தப்பித்தது?

ஒன்றே ஒன்று தப்பித்தது. தோட்டம். அதை எங்கள் படிப்பு காப்பாற்றவில்லை. அம்மாவின் இரண்டு மாடுதான் காப்பாற்றியது.

நம் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிற சட்டத்துக்கு சர்ஃபாசி சட்டம் என்று பேர். 2002-ல் வந்தது. கோர்ட்டுக்குப் போகாமலேயே பேங்க் சொத்தை எடுத்து ஏலம் போட இந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் 31-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் ஏற்படுத்தின ஈட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, பேங்க் இந்தக் குறுக்கு வழியில் விவசாய நிலத்தை ஏலம் போட முடியாது.

பேங்க் போட்ட ஏலப் பட்டியலில் எங்கள் தோட்டமும் இருந்தது. மதிப்பீட்டாளர் "வீட்டுமனையாக மாற்றத்தக்க நிலம்" என்று எழுதி வைத்திருந்தார். நாங்கள் ஏல நோட்டீசை எடுத்துக்கொண்டு கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனோம். அங்கே கேட்டது என்ன தெரியுமா? "உண்மையில் விவசாயம் நடக்கிறதா?" இது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொன்ன விஷயம். பட்டாவில், ரெவின்யூ கணக்கில் விவசாய நிலம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அங்கே நிஜமாக உழவு நடக்க வேண்டும். அதைக் காட்டுகிற பொறுப்பு நம்முடையது.

எங்களுக்குத் தறி வந்த பிறகு விவசாயத்தில் கவனம் போய்விட்டது. ஆனால் அம்மா விடவில்லை. வருஷா வருஷம் மாட்டுக்குத் தீவனச் சோளம் விதைத்து வந்தது. தட்டு அறுத்துப் போர் போட்டு வைத்தது. வி.ஏ.ஓ. அடங்கலில் வருஷா வருஷம் சோளம் என்று ஏறியிருந்தது. அந்த அடங்கல் நகலும், சோளத்தட்டுப் போருக்கு முன்னால் மாட்டோடு அம்மா நிற்கிற போட்டோவும்தான் தீர்ப்பாயத்தில் எங்கள் சாட்சி. தோட்டத்துக்குத் தடை கிடைத்தது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் கிடைக்கவில்லை. இப்போது அம்மா தோட்டத்துச் சாளையில் இருக்கிறது. காட்டைத் தரிசாகப் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

அதற்காக, விவசாய நிலம் என்றால் பேங்க் தொடவே முடியாது என்று யாரும் தூங்க வேண்டாம். சர்ஃபாசி சட்டத்தில் முடியாது, அவ்வளவுதான். 20 லட்சமும் அதற்கு மேலும் பாக்கி என்றால் 1993-ம் வருஷத்துச் சட்டப்படி பேங்க் அதே தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி வசூல் பண்ணலாம். அதற்குக் கீழே என்றால் சிவில் கோர்ட் இருக்கிறது. ஆனால் அங்கே நம் பேச்சைச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது, காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடனைத் தீர்க்க வழி தேட வேண்டும்.

ஐந்து எண்களை மறக்காதீங்க

காலண்டர் அட்டையில் எழுதி மாட்டி வையுங்கள்: 90, 60, 15, 45, 30.

90: தொழில் கடன் தவணை 90 நாள் தாண்டினால் வராக்கடன். அதற்கு முன்னாலேயே பேங்குக்குப் போய் நிலைமையை எழுதிக் கொடுங்கள். தவணையை மாற்றி அமைக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுத்த கடிதத்துக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

60: கேட்பு நோட்டீஸ் வந்தால் 60 நாள் அவகாசம். நோட்டீசைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதை வாங்கின பிறகு பேங்கின் எழுத்துப் பூர்வ அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மனைவி பேருக்கு எழுதி வைத்தால் தப்பிக்கலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். அடமானம் முன்னால் இருக்கிறது, எழுதினது பின்னால் வருகிறது.

15: அந்த 60 நாளுக்குள் ஆட்சேபணைக் கடிதம் கொடுக்கலாம். கணக்கில் தப்பு, கட்டின பணம் வரவு வைக்கவில்லை, பட்டியலில் விவசாய நிலம் இருக்கிறது, எதுவானாலும் எழுதுங்கள். 15 நாளுக்குள் பேங்க் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். நாம் எழுதினதும் அவர்கள் பதிலும் பிற்பாடு தீர்ப்பாயத்தில் உதவும்.

45: சுவாதீனம் எடுத்தாலோ, ஏல நடவடிக்கை எடுத்தாலோ, 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னை, கோவை, மதுரை மூன்று ஊரிலும் இருக்கிறது. உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பீஸ் கேட்டால் யோசியுங்கள். இந்த விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிடுவதை 34-வது பிரிவு தடுக்கிறது. ஆரம்பத்தில் கேட்ட பணத்தில் முக்கால் பங்கைக் கட்டிவிட்டுத்தான் தீர்ப்பாயத்துக்குள் வர முடியும் என்று சட்டத்தில் இருந்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அம்மா பேரில், மனைவி பேரில், தங்கச்சி பேரில் சொத்து இருந்தால் அவர்களே விண்ணப்பம் கொடுக்கலாம்.

30: முதல் ஏலத்துக்கு முன் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் முழுப் பாக்கியும் கட்டினால் சொத்தை மீட்கலாம். வெளியான பிறகு அந்த உரிமை இல்லை. 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. ஏலத்தன்று காலையில் பணத்தோடு போய் நின்றால் போதும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கடனை முழுக்க அடைத்தால் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். பேங்க் தரப்பில் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் பண்ணக்கூடாது. மிரட்டக்கூடாது. சொந்தக்காரரிடம் போய் அவமானப்படுத்தக்கூடாது. மீறினால் தேதி, நேரம் குறித்துப் புகார் எழுதுங்கள். சங்கம் கூட வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

இளைஞர்களே, தொழில் பண்ணாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மழையை மட்டும் நம்பி இந்தக் காலத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் குடும்பம் மொத்தத்தையும் ஒரு கடனுக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஈடு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், குடியிருக்கிற வீட்டையும் சோறு போடுகிற காட்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணைச்சொத்து கேட்கக்கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு மேலும் ஈடு இல்லாமல் கொடுக்க, 2000-ம் வருஷத்தில் இருந்து அரசு உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். வாயைத் திறந்து கேளுங்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் ஒவ்வொன்றுக்கும் நகல் வாங்குங்கள். வீட்டுப் பெண்களிடம், "இது போனால் இந்த வீடு போகும்" என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துக் கேளுங்கள். நாங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

நமது கோரிக்கைகள்

"வாங்கின கடனைக் கட்டாமல் போராட்டமா?" என்று கேட்பார்கள். கட்ட மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. வாழ விட்டு வசூல் பண்ணுங்கள் என்கிறோம். நியாயமான விலைக்கு விற்றுக் கட்ட விடுங்கள் என்கிறோம்.

1. கடன், அடமான, ஜாமீன் காகிதங்கள் தமிழில் இருக்க வேண்டும். ஜாமீன் போடுகிறவருக்குப் படித்துக் காட்டி, நகல் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

2. தறி, எந்திரம், சரக்கு ஆகியவற்றை முதலில் விற்றுக் கணக்குப் பார்த்த பிறகுதான் குடியிருக்கும் வீட்டுக்கு வர வேண்டும். இதற்கு மத்திய அரசு சட்டம் திருத்த வேண்டும்.

3. ஏலப் பட்டியலில் நிலம் சேர்ப்பதற்கு முன், வி.ஏ.ஓ.வை வைத்துக்கொண்டு நேரில் பார்த்து, அடங்கல் சரிபார்க்க வேண்டும். விளைகிற காட்டை மனை என்று எழுதுகிற மதிப்பீட்டாளர் மேல் நடவடிக்கை வேண்டும்.

4. சொத்தைச் சுவாதீனம் எடுக்க உதவி கேட்டு 14-வது பிரிவில் பேங்க் கொடுக்கிற மனு கலெக்டரிடம் வந்தால், பட்டியலில் விவசாய நிலம் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே உத்தரவு போட வேண்டும்.

5. உடமைக்காரரே வெளியில் நல்ல விலைக்கு ஆள் கொண்டுவந்தால், ஏலத்துக்கு முன் அவருக்கு விற்க அனுமதி கொடுக்க வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்புக்குக் கீழே ஏலம் கூடாது.

6. நலிந்த சிறு தறிக்கூடங்களுக்கு ஒரே தடவைத் தீர்வுத் திட்டத்தை ஒரே விதியாக அறிவிக்க வேண்டும். அந்தத் தீர்வைக் கடன்காரர் உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கு அது பேங்க் அதிகாரியின் மனசைப் பொறுத்தது. செல்வாக்கு உள்ளவருக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு என்று இருக்கக்கூடாது. அதனால்தான் போராட்டம்.

திங்கட்கிழமை வாருங்கள்!

வருகிற திங்கட்கிழமை, குறைதீர் நாள் அன்று, காலை 10 மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூடுகிறோம். கலெக்டரிடமும், முன்னோடி வங்கி மேலாளரிடமும் மனுக் கொடுக்கிறோம். நோட்டீஸ் வந்தவர்கள் நோட்டீசின் நகல் இரண்டு, பட்டா, மூன்று வருஷ அடங்கல், பேங்க் கணக்குப் புத்தகம் எடுத்து வாருங்கள். சங்க ஆபீசில் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக மனு எழுதித் தருகிறோம். காசு கிடையாது.

யாரும் அதிகாரியைத் தள்ளவோ, கேட்டைப் பூட்டவோ வேண்டாம். அது ஒரு நாள் ஏலத்தைத் தள்ளிப்போடும். நம் மேல் ஒரு கேசையும் போடும். நம் பலம் கூட்டத்திலும் காகிதத்திலும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர் வீட்டிலாவது பீரோவுக்குள் ஒரு நோட்டீஸ் இருக்கும். மனைவிக்குத் தெரியாமல், மகனுக்குத் தெரியாமல் மடித்து வைத்திருப்பீர்கள். நாங்களும் வைத்திருந்தோம். ஏலம் முடிந்து வீட்டைக் காலி பண்ணின அன்றைக்கு அம்மா எங்களைத் திட்டவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லுவியே சாமி, எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தா நானே நாலு பேருகிட்ட வெலை கேட்டு வித்திருப்பேனே" என்று மட்டும் சொன்னது. அதற்கு இன்றைக்கு வரைக்கும் எங்களிடம் பதில் இல்லை.

இன்றைக்கு ராத்திரியே அந்த நோட்டீசை வெளியில் எடுங்கள். தேதியைப் பாருங்கள். நாளை எண்ணுங்கள். வீட்டில் சொல்லுங்கள். காலையில் சங்கத்துக்கு வாருங்கள்.

தவணை தவறியது குற்றமல்ல! மறைத்து இழக்காதே!
வீட்டை விடு, தறியைப் பார்! விளையும் காட்டில் கை வைக்காதே!
உழவர் ஒற்றுமை ஓங்குக!